சுலைஹா மாமியின் கறுப்பு

"புள்ள, என்ட ஹபாயா என்னத்துக்கு
அடுப்புச் சாம்பலாக் கிடக்கு?
கத்தார்ல இருந்து மகன் அனுப்பின கறுப்பு கா இது!"

மூத்தவளின் கலியாண வீடியோவை நிறுத்திவைத்து
திரையில் விரலை ஊன்றிக் கேட்டா சுலைஹா மாமி.
பதில் இருந்தது.
"ஓட்டோவில விட்டுட்டன் மாமி" என்றேன்.
கமெராவை முச்சக்கரவண்டியில் மறந்துவிட்டேன் என்று
எனக்காகக் கவலைப்பட்டா.

ஓட்டோவில் விட்ட கமெராவுக்கு
ஒரே ஒரு நம்பிக்கைதான்:
உலகம் மொத்தமும் நடுத்தரச் சாம்பல்.
முந்நூறு பெண்கள் கறுப்பில் நிறைந்த மண்டபத்தை
அது ஏற்றுக்கொள்ளவில்லை.
பாவம், இருட்டில் இருக்கிறார்களாக்கும் என்று
ஏற்றி ஏற்றி ஏற்றி
மணப்பெண்ணின் முகத்தைச் சுண்ணாம்பாக்கிவிட்டுத்தான் ஓய்ந்தது.

இந்த முறை இளையவள் றுஷ்தா.
நிந்தவூரில் அதே மண்டபம், மேல்மாடி,
பெண்கள் பக்கம்.
கதவைச் சாத்தினால் அந்நியர் என்று
நானும் லைட் பிடிக்கிற ஹுஸ்னாவும்தான்.

ஐஎஸ்ஓவில் கை வைப்பதில்லை என்று
வரும் வழியிலேயே நிய்யத்து வைத்திருந்தேன்.
அதைக் கூட்டினால்
கறுப்புக்குள் எறும்பு ஊரத் தொடங்கும்,
சீனி கொட்டின தரை மாதிரி.
ஹுஸ்னாவைப் பிளாஸ்டிக் கதிரையில் ஏற்றி
லைட்டைக் கூரைக்குத் திருப்பினேன்.
நல்ல கறுப்புக்கு நிறைய வெளிச்சம் வேண்டும்.
யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள்.

றுஷ்தாவின் வெள்ளைச் சாரி மடிப்பில்
வரிக்குதிரைக் கோடுகள் ஓடத் தொடங்கும்வரை திறந்து
ஒரு கிளிக் பின்னுக்கு வந்தேன்.
அவ்வளவுதான் எல்லை.
சுண்டில் கும்பமாய் அள்ளி
வீட்டுக்கு வந்து தலைதட்டுவது போல
கொஞ்சம் மிச்சமாகவே எடுத்தேன்.
மாமியின் தோளில், கறுப்பின் மேல் கறுப்பு நூலில்
ஒரு கொடி படர்ந்திருந்தது.
போன முறை அப்படியொன்று இருந்ததே தெரியாது.

பிறகு கரண்ட் போனது.

கீழே ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிடந்த நாலு நிமிடம்
மாடி முழுக்கச் சிரிப்பு, வளையல்,
யாரோ ஒரு பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடும் சத்தம்.
நிறுத்த மறந்த கமெரா
எல்லாவற்றையும் குடித்துக்கொண்டிருந்தது.

இரவு, சாய்ந்தமருதில் என் அறை.
தெருவிளக்கு விழுந்தால் லெப்டொப் பொய் சொல்லும்;
அதன் கறுப்பை நம்பி எத்தனை முறை ஏமாந்திருக்கிறேன்.
அதனால் என் ஹபாயாவைக் கழற்றி
திரைக்கும் தலைக்குமாய்ப் போர்த்திக்கொள்வேன்.
உள்ளே வேர்வை, மின்விசிறியின் முணுமுணுப்பு,
நானும் கறுப்பும்.

மண்டபக் காட்சிகளை ஒரு படி இறக்கினேன்.
சாம்பல் வடிந்தது. எறும்பே இல்லை.
கொடியின் இலைகள் அப்படியே நின்றன.

அந்த நாலு நிமிடத்தை
ஏன் உயர்த்திப் பார்த்தேனோ தெரியாது.
பச்சையும் ஊதாவுமாய் எறும்புப் புற்று உடைந்து
ஊர்ந்து, ஊர்ந்து
ஒரு தூணாகி, ஒரு முக்காடாகி,
கடைசியில் மாமி.
கையில் வட்டிலாப்பக் கப்.
காலடியில் ஒன்றுக்குள் ஒன்றாய்
இரண்டு வெறுங் கப்.
காலையில்தான் றுஷ்தா, சரம் சரமாய் நகையோடு,
உம்மாவுக்கு இன்சுலின் குத்திவிட்டதை
நானே படம் பிடித்திருந்தேன்.

வளைகோட்டின் அடியைப் பிடித்து இழுத்தேன்.
ஊதா போனது. தூண் போனது.
கரண்டி மட்டும் கொஞ்சம் அடம் பிடித்தது.
இன்னும் இழுத்தேன், பூச்சியம் வரை.
பன்னிரண்டு செக்கன் இருட்டையும் சிரிப்பையும் வைத்துக்கொண்டு
மிச்சத்தை வெட்டினேன்.

வெள்ளிக்கிழமை மாமி எடுத்தா.
"இப்பதான் கா கறுப்பு கறுப்பாக் கிடக்கு."
ஒரு மூச்சு விட்டு,
"கரண்ட் போன நேரம்... ஒண்டும் விழல்லியா புள்ள?"
"இல்ல மாமி. முழு இருட்டு."
"ஆ" என்றா.
வேறெதையோ பேசினா, மழையைப் பற்றி.

கார்டை அழிக்கும் முன்
இன்னொரு தடவை ஹபாயாவைப் போர்த்திக்கொண்டு
உயர்த்திப் பார்த்தேன்.
அந்த இருட்டிலும்
கண்ணை மூடிக்கொண்டுதான் தின்கிறா.