முந்நூறு மீட்டர்

இதன் பின்குறி நகராது.
டெர்னி ஆலையில் எவனோ ஒருவன்
முந்நூறு மீட்டர் என்று முடிவுசெய்து
அடித்து இறுக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.
அதனால் நூறு மீட்டரில்
தாளின் காலடியைப் பார்த்துச் சுட வேண்டும்,
நெஞ்சில் படுவதற்கு.

கோட்காவுக்கு வடக்கே, பிப்ரவரி,
சுழியத்துக்குக் கீழே பதினான்கு.
பக்கத்துப் பாயில் ஓர்வோ.
அவனிடம் இத்தாலியத் துப்பாக்கி மட்டும் பதினொன்று;
மனைவியிடம் ஒன்பது என்று சொல்லியிருக்கிறான்.
என்னிடம் இது ஒன்றுதான்,
பழைய படகு மோட்டாருக்கு மாற்றாக வந்தது.
தோட்டா கடையில் கிடையாது,
சமையலறை மேசையில் நானே அடைத்தேன்.
உலோகத்தில் பின்லாந்துப் படையின் முத்திரை.
கட்டையில் ஏழு வெட்டு.

"ஏழு பேர், ஹில்க்கா" என்றான் ஓர்வோ,
தொப்பியைக் கழற்றாத குறையாக.

நகத்தை விட்டுப் பார்த்தேன்.
ஏழும் ஒரே ஆழம், ஒரே சாய்வு,
ஒரே கத்தி, ஒரே மாலை.
சாவு இவ்வளவு சீராக வராது.
கரைக் காவலில்
கப்பல் எதுவும் வராத ஒரு நாள்
யாருக்கோ பொழுது போகவில்லை.

ஆறாவது தோட்டா அறைக்குள் ஏறியதும்
அடிவயிற்றிலிருந்து கிளிப் நழுவிப்
பனிக்குள் போயிற்று, சத்தமே இல்லாமல்.
சுட்டேன். உயரே.
காலடியை மறந்துவிட்டேன்.

கையுறையைக் கழற்றித் துழாவுகிறேன்.
துப்பாக்கிகூடக் கிடைத்துவிடும்,
இந்தத் தகரத்துண்டு கிடைக்காது.
ஓர்வோவும் மண்டியிட்டுத் தேடுகிறான்,
அந்த ஏழு பேரைப் பற்றிப் பேசிக்கொண்டே.
ஒருவனுக்குத் தாடிகூட வைத்துவிட்டான்.
நான் மறுக்கவில்லை.
விரல் மரத்துப்போய்
எது தகரம் எது நான் என்று
பிரித்துச் சொல்ல முடியவில்லை.