சாக்கு நூல்

"எலி கூடிப் போச்சு, ஒரு பூனையக் கட்டிப் போடு"
என்று ஆதம்லெப்பை ஹாஜியார் சொன்னது
சின்னப்போகத்து நெல் வந்து இறங்கிய கிழமை.

கட்டியவன் நான்.
மில்லில் மூட்டை தைக்கிறவன் கையில்
எந்நேரமும் நூல் இருக்கும்.
உள்ளங்கையளவு குட்டி.
உமிக் கிடங்குத் தூணில் ஒரு முனை,
அதன் கழுத்தில் மறு முனை.
சம்மாந்துறையிலிருந்து கொழும்பு வரைக்கும்
லொறியில் குலுங்கினாலும் அவிழாத முடிச்சு.

மறுகா
குட்டி வளர்ந்தது.
நூல் வளரவில்லை.

மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை என்றேன்.
சோறு வைப்பது வோச்சர் வேலை என்றேன்.
வோச்சர், கூலிக்கு வாற பொடியன் என்றான்.
பொடியன் கார்த்திகையோடு கட்டாருக்குப் போய்விட்டான்.
சாக்குகள் என்னிடம் நிறைய;
தொழிலே அதுதானே.

பெரும்போகத்து நெல்லுக்கு இடம் ஒதுக்கக்
கிடங்கைக் கூட்டிய அன்று
உமிக்குள் ஒரு பழந்துணி அசைந்தது.
தூக்கினேன்.
இரண்டு கொத்து நெல்லின் பாரம் கூட இல்லை.
கழுத்தைச் சுற்றிச் சதை மூடிய ஒரு கோடு,
புழு,
கோட்டின் முடிவில்
என் கை எழுத்துப் போல என் முடிச்சு.

மிருக வைத்தியர் கந்தோரில்
மாட்டுக்கு ஊசி கேட்டு வந்தவர்கள் சிரித்தார்கள்.
டொக்டர் யசோதினி சிரிக்கவில்லை.
இழை இழையாக நூலை எடுத்து
வெள்ளைத் தட்டில் வைத்துக்கொண்டே கேட்டார்:
"ஆர் கட்டினது?"
சுவரில் விசர்நாய்க்கடி பற்றி ஒரு போஸ்டர்.
அதை முழுவதும் வாசித்தேன்.
அடியில் இருந்த அச்சகத்தின் பெயர் வரைக்கும்.

"செத்தா நான் பாக்க மாட்டன்"
என்று வாசலிலேயே சொன்னாள் மிஸ்றியா.
சொன்னவள்தான் இரவு
அரைப் பெனடோலை இடித்துக்கொண்டு வந்தாள்.
கையைப் பிடித்தேன்.
பூனைக்கு அது நஞ்சாம், டொக்டர் சொன்னார்.
"அப்ப நமக்கு?" என்று
மிச்சப் பாதியை விழுங்கிவிட்டுப் படுத்தாள்.

நோன்பு காலம்.
பகலில் வெறும் வயிற்றோடு குந்தியிருந்து
ஊசியில்லாத சிரிஞ்சால்
சூடை அவித்த தண்ணீரைக்
கடைவாய்க்குள் துளித்துளியாக விடுவேன்.
பாதி விழுங்கும். பாதி என் சாரத்தில்.
எனக்குப் பசி மஃரிப் வரைக்கும்தான்;
நேரம் தெரிந்த பசி.
தூணில் அதற்கு யார் பாங்கு சொன்னது?

மூன்று வேளை உப்புத் தண்ணீரில் கழுவினேன்.
கழுவும்போதெல்லாம் என் பெருவிரலைக் கடித்தது.
கடிக்கப் பலம் வந்துவிட்டதே என்று
ஒருநாள் மிஸ்றியா சந்தோசப்பட்டாள்.
எனக்கு ஊசி போட்ட தழும்பு இன்னும் தடவினால் தெரியும்.

பதினோராம் நாள் சஹருக்கு ஒழும்பினால்
குசினி வெளிச்சத்தில் அது
முன்காலை நக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது.
யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்பது போல.
இரண்டு பேரும் சோற்றை மறந்து நின்றோம்.
பாங்கு சொல்லிவிட்டது.
அன்றைக்குத் தண்ணீர் கூடக் குடிக்காமல் நோன்பு.

பெருநாள் கழிந்து ஒரு கிழமை.
பூனையைக் காணவில்லை.
வாய்க்கால், வட்டை, இறைச்சிக் கடைப் பின்புறம்
எல்லாம் தேடிவிட்டு வேலைக்குப் போனால்
கிடங்கில், அதே தூணின் அடியில்,
கட்டில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.
முன்னால் கொழுத்த எலி ஒன்று,
வால் மட்டும் இன்னும் ஆடியபடி.

ஹாஜியார் பார்த்துவிட்டார்.
"அடே, நல்ல பூனை. ஓடிரும். கட்டு."

நூல் கையில்தான் இருந்தது.
"நான் கட்ட மாட்டன் ஹாஜியார்.
ஆறு மாசத்துக்கு முந்திக் கட்டினது நான்தான்."
மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
இரண்டாவது பாதி அவருக்குக் கேட்டதோ தெரியாது.
கேட்க வேண்டியவர் அவரும் இல்லை.
அது எலியின் தலையிலிருந்து தின்னத் தொடங்கியது.
கழுத்தில் மயிர் முளைக்காத வளையம்
குனியும்போது மட்டும் வெளியே தெரிந்தது.

அன்றைக்கு நூற்றிப் பதினெட்டு மூட்டை தைத்தேன்.
பின்னேரம் சைக்கிளை மிதிக்கையில்
வருகிறதா என்று திரும்பிப் பார்க்கவில்லை.
பார்ப்பதும் ஒரு கயிறு மாதிரித்தான் பட்டது.

மிஸ்றியா குசினி ஜன்னலைச்
சாத்தாமல் படுத்திருக்கிறாள்.
நுளம்பு பிடுங்குகிறது.