கண்ட்ரோல் பதினேழு

பாலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
தார்ப்பாயில் தர்பூசணி குவித்திருக்கிறார்கள்.
பஸ் நிற்கும்போதெல்லாம்
யாரோ ஒருவர் குனிந்து ஒன்றைத் தட்டிக் கேட்கிறார்.
இந்தப் பழத்திலிருந்துதான்
சிட்ருலினை முதலில் பிரித்தெடுத்தார்கள்,
பெயரும் பழத்துடையதுதான்.
அதைப் படித்த நாளிலிருந்து
தர்பூசணியை வெறும் பழமாக
என்னால் தின்ன முடிந்ததில்லை.

மூன்றாம் மாடி, இருட்டறை.
நுண்ணோக்கிக்குள் நியூட்ரோஃபில்கள்
நீலமாய் மூன்று நான்கு முடிச்சிட்டுக் கிடக்கும்.
பிறந்து ஒரு நாள் இருந்தால் அதிகம்.
கால்சியம் உள்ளே பாய்ந்ததும்
தூங்கிய நொதி ஒன்று எழும்.
அது செய்வது சின்ன வேலை.
ஆர்ஜினினின் முனையில் இருக்கும் மின்னேற்றத்தைச்
சட்டைப் பித்தான் மாதிரி கழற்றும்.
பித்தான் போனதும் கண்டு தளர்ந்து
உட்கரு வீங்கி
அணு தன் இழையையே வலையாக வீசிச் சாகும்.

கிருமி சிக்கினால் நல்லது.
வலைக்குக் கீழே
தண்ணீரே இல்லாத நாட்களும் உண்டு,
நம் ஆற்றைப் போல.
அப்போதும் வீசுகிறது.
பித்தான் கழன்ற புரதங்கள் வெளியே வந்து நிற்க
உடம்பு அவற்றைப் பார்த்து
யார் நீ என்று கேட்கிறது.

பேரணாம்பட்டு காசாம்பு,
ஐம்பத்திரண்டு வயது, நாளுக்கு எண்ணூறு பீடி.
"காத்தால எயுந்தா கை மூட வர்ல மா.
பத்து மணிக்குத்தான் நூலு சுத்த முடியுது."
புகைத்தால் நுரையீரலில் அந்த நொதி எழும்
என்பது தெரிந்த சங்கதி.
இவள் ஒரு நாளும் புகைத்ததில்லை,
மடியில் தூள் கொட்டியபடி முப்பத்தெட்டு வருடம்.
தூளுக்கும் எழுமா?
ஆய்வு அதற்குத்தான்.
இன்னும் தெரியாது.

நோயில்லாத ரத்தமும் வேண்டும் என்றார்கள்.
பரக்கத் கொடுத்தான், வாசலில் இருக்கும் செக்யூரிட்டி கொடுத்தார்,
நானும் கையை நீட்டினேன்.
பெயர் கிடையாது, எண்தான்.
எண்ணை ஒட்டியது நான்.

தட்டில் தொண்ணூற்றாறு குழி.
கண்ட்ரோல்கள் எல்லாம் தண்ணீராய்த் தெளிந்திருக்க
ஒரு குழி மட்டும் மஞ்சள்,
சரக்கொன்றை மஞ்சள்.
பிப்பெட் பிசகு என்று திரும்பவும் ஓட்டினேன்.
திரும்பவும் மஞ்சள்.
மூன்றாம் முறை ஓட்டியது
இயந்திரத்தைச் சந்தேகித்து அல்ல.
தை மாதத்திலிருந்தே
குழாய் மூடியைப் பல்லால் திறந்துகொண்டிருந்தேன்.
விதிப்படி அது குற்றம்.
யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த முறை காசாம்பு வந்தபோது
அவள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டப் போனேன்.
இரண்டு தடவை நழுவியது.
அவள் கட்டவிடவில்லை.
என் நடுவிரல் கணுவைப் பிடித்து
இலைப் பதம் பார்ப்பதுபோல் மெல்ல அமுக்கினாள்.
பத்து வருடம் படித்த டாக்டருக்கும் வராத அளவான அழுத்தம்.
"உனுக்கு எப்பலேர்ந்து?" என்றாள்.
அப்புறம்,
"நீ இன்னா சுத்தற?"

பதில் இல்லை என்னிடம்.
பீடியும் இல்லை, புகையும் இல்லை.
பல்லீறில் ரத்தம் வரும் எப்போதாவது,
அதிலும் ஒரு கிருமிக்கு அதே வித்தை தெரியுமாம்.
பெரியம்மாவுக்குக் கை கோணியிருந்தது.
எது என்று யார் சொல்வது?

பட்டியலில் இப்போது
பதினாறுக்கு அடுத்து பதினெட்டு வருகிறது.
அடிக்குறிப்பில்
'ஒரு மாதிரி நீக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறார்கள்.
தட்டச்சு செய்ததும் நான்தான்,
ஒரு விரலால்.

இன்றைக்கு இறங்கி ஒன்று வாங்கினேன்.
ஆறு கிலோ. கடைக்காரர் நீட்டியபோது
இரண்டு கையாலும் குழந்தையை வாங்குவதுபோல் வாங்கி
பஸ்ஸில் காலிடுக்கில் வைத்தேன்.
விருதம்பட்டு வளைவில்
அது உருண்டு ஓட்டுநர் பக்கம் போனது.
எல்லாரும் கால் தூக்கி வழிவிட்டார்கள்.
"யாருதுப்பா இது?" என்று கேட்டார் நடத்துநர்.