அய்ரான்

இரவு ஒன்றரை. சிவாஸ் தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடை.
நாற்பத்தாறு பேரும் இறங்கி
செம்புக் குவளையில் நுரை வழிய
உப்பு போட்ட அய்ரானைக் குடிக்கிறார்கள்,
நம் மோருக்குத் தடித்த தம்பி.
எனக்குக் கறுப்புத் தேநீர்.
அதுதான் சட்டம். எழுதியவன் நான்.

பதினோரு வருஷத்துக்கு முன்
ஒரே ஒரு குவளை.
சகால்துத்தான் கணவாய் இறக்கத்தில்
கண் சொக்கி
மீண்டபோது
ஓரத்து வெள்ளைக்கோடு
சக்கரத்தின் அடியில் தடதடத்தது.
யாரும் விழிக்கவில்லை.
உதவியாள் வேதாத் மட்டும்
கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.
இன்றுவரை எதுவும் கேட்டதில்லை.

இதோ, பேருந்து நகர்ந்ததும்
ஒவ்வொரு தலையாகச் சாய்கிறது.
அத்தனை பேர் தூக்கமும் என் முதுகுக்குப் பின்னால்
மூச்சு விடுகிறது.
வந்த கொட்டாவியைப்
பல்லிடுக்கில் கடித்து விழுங்குகிறேன்.

எர்சுரும். காலை எட்டு.
ஷுக்ரான் வங்கிக்குப் போய்விட்டாள்.
மேசையில் தட்டு மூடிய குவளை,
அதன் அடியில் சீட்டு:
'திரை இழுத்துவிட்டிருக்கிறேன்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.'

நின்றபடியே குடிக்கிறேன், கடைசிச் சொட்டுவரை.
மீசையில் நுரை. துடைக்கலாம், அப்புறம்.
கட்டில் விளிம்பு.
இடது காலணி கழன்றாயிற்று.
வலதை