விரல் நுனி

ஹம்மர்ஃபெஸ்டில் இரவுப் பணி.
புதிய ஆய்வைப் படிக்கிறாள் டாக்டர் இங்குன்.
மாரடைப்பு கண்டு தேறிய இதயங்கள்;
மாத்திரை விழுங்கியவர், விழுங்காதவர்.
இரண்டு கோடுகளும்
ஒன்றின்மேல் ஒன்றாய்ப் படுத்துக் கிடக்கின்றன.

காலையில் ஒட்வார் வந்தார், காட் மீன் வாடையோடு.
"கொஞ்சம் கொஞ்சமாய் நிறுத்திவிடலாம்."
"பதினோரு வருஷம் விழுங்கினேனே?"
"ஆமாம்."
"அப்போ என்னைக் காப்பாற்றியது எது?"
அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

ஒன்றரை மாதம் கழித்துத் தொலைபேசினார்:
விரலெல்லாம் கதகதவென்று இருக்கிறது டாக்டர்,
இத்தனை நாளும்
கடலைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.
கோப்பைப் புரட்டினாள்.
"கை சில்லிடுகிறது என்கிறார். கம்பளிக் கையுறை."
ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் ஒரு வரி,
எல்லாம்
அவள் கையெழுத்தில்.