பதினோராம் அதிகாரம்

தாராபுரம் சார்பு நீதிமன்றத்தில்
இருபத்திரண்டு வருடமாய்ச் சுருக்கெழுத்து எனக்கு.
பொய்ச்சாட்சி சொல்வதையும் எழுதுவேன்.
அண்ணனைக் கடப்பாரையால் அடித்தவன்
"ஆமாங்க, அடிச்சனுங்க" என்றால் அதையும் எழுதுவேன்.
எழுதியதால் நான் அவன் பக்கம் என்று
இதுவரை ஒரு வக்கீலும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம்
மூலனூர் ரோட்டில், சாமுவேல் நாச்சிமுத்து வீட்டில்.
புது போர்வெல் மோட்டார் சத்தத்துக்கு மேல்
குரலை உயர்த்தி அவரே வாசித்தார்:
யெப்தா, அம்மோனியர், பொருத்தனை,
தம்புருவோடு வாசலுக்கு வந்த ஒரே மகள்.
மூடிவைத்துவிட்டுச் சொன்னார்:
"சொன்ன சொல்லக் காப்பாத்துன மனுசன் பாருங்க.
நானும் சொல்லிப்போட்டனுங்க,
தண்ணி வந்தாப் புள்ளய ஊழியத்துக்கு உட்டர்றேன்னு."

கரூர் நர்சிங் கல்லூரிக் கடிதம்
டிவி மேல், பால் கணக்கு நோட்டுக்கு அடியில்.
பெனின்னா காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள்.
யாரையும் பார்க்கவில்லை.

கூட்டத்தில் நான் பேசுகிறவள் அல்ல.
அன்று மட்டும் வேதத்தைக் கேட்டு வாங்கி
வரிவரியாய் விரல் வைத்துப் போனேன்,
பத்திரத்தில் தேதி தேடுவதுபோல.

ஆவி அவன்மேல் இறங்கியது முதலில்.
பொருத்தனை அதற்கு அடுத்த வசனம்.
யாரும் கேட்காத கடனுக்கு
அவனாக எழுதிக் கொடுத்த புரோநோட்டு.
ஜெயித்த பிறகு அதிகாரம் முடியும்வரை
கர்த்தர் ஒரு வார்த்தை பேசவில்லை;
அவர் பெயர் தகப்பன் வாயில் வருகிறது, மகள் வாயில் வருகிறது.
ஆபிரகாமின் கையைத் தடுத்த குரல்
இங்கே ஏன் வரவில்லை, தெரியாது.
தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதுவோம் நாங்கள்.

அடுத்த அதிகாரத்தையும் படியுங்கள் என்றேன்.
ஒரு சொல்லைச் சரியாய் உச்சரிக்காததற்கு
நாற்பத்தீராயிரம் பேரைச் சாகடித்தவனும் இவனேதான்.
அந்த யோர்தான் துறையில் நின்றிருந்தால்
நம்ம "ங்க" ஒன்று போதும்,
தாராபுரம் முழுக்கத் தலை போயிருக்கும்.
இரண்டு பேர் சிரித்தார்கள்.

"வேதத்துல இருக்குதில்லீங்க," என்றார் நாச்சிமுத்து.
இருக்கிறது.
நாபோத்தின் தோட்டத்தைப் பிடுங்கியதும்தான் இருக்கிறது;
அதற்காகப் பங்காளி வரப்பை வெட்டலாமா?
(அவர் வரப்புக் கேஸ் என் மேசையில்தான் கிடந்தது.
அதைச் சொல்லவில்லை.)

பாக்கிப் பணத்துக்கு வந்து
ஜெபம் முடியட்டும் என்று செருப்புகளுக்குப் பக்கத்தில்
உட்கார்ந்திருந்த ரிக் வண்டிப் பையன்,
திருச்செங்கோட்டுக்காரன், அப்போது வாயைத் திறந்தான்:
"எழுநூத்தி இருவதுலயே களி ஈரமா வந்திருச்சுங்களே.
நீங்க மண்டி போட்டது எண்ணூறு தாண்டி, ராத்திரியில்லீங்க?"

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

பெனின்னா என்னிடம் மட்டும் கேட்டாள்:
"அந்தப் புள்ள பேரு என்னங்க?"
எழுதவில்லை என்றேன்.
அப்பன் பேர் இருக்கிறது, ஊர்ப் பேர் இருக்கிறது,
பிடித்த பட்டணங்கள் இருபது என்று கணக்குகூட இருக்கிறது.
வருடத்துக்கு நான்கு நாள்
பெண்கள் அவளுக்காகப் புலம்பப் போனார்கள்,
அதோடு அதிகாரம் முடிகிறது.
அவனுக்காக யாரும் போனதாய் இல்லை.

கிளம்பும்போது அந்தக் கடிதம்
பால் நோட்டுக்கு மேலே இருந்தது.
யார் எடுத்து வைத்தது?
நான் பார்க்கவில்லை.
பார்க்காததை எழுதும் வழக்கமில்லை.