கால் முளைத்த பெயர்

அபெஷேயிலிருந்து லாரியின் உச்சியில்
வெங்காய மூட்டைகளோடு வந்தேன்.
சம்பளம் கிடையாது. ஒரு வேளைச் சாப்பாடு,
முழங்கால்வரை தொங்கும் நீல மேல்சட்டை,
கையில் ஒரு டேப்லெட்.
உன் கையெழுத்து அழகு, அதனால்தான் பதிவு மேசை என்றார்கள்.
டேப்லெட்டில் ஏது கையெழுத்து.

அத்ரேயில் காற்று ஒன்பது மணிக்கே எழுந்துவிடும்.
வறண்ட ஆற்றைத் தாண்டி வருகிறவர்கள்
முதலில் கேட்பது தண்ணீர்.
நாங்கள் முதலில் கேட்பது பெயர்.

அவள் ஜெனினாவிலிருந்து வந்தவள்.
கையில் மூடியில்லாத தேநீர்க் கெண்டி,
அதற்குள் சுருட்டிவைத்த ஒரு காலுறை.
கல்தூம், என்றாள்.
என் பெயரும் அதுதான் என்று சிரித்தேன்.
அவளும் சிரித்தாள், மரியாதைக்கு.
சிரித்த வாக்கில்
என் பெயரை எப்படி எழுதுவேனோ அப்படியே
அவள் பெயரையும் எழுதிவிட்டேன்:
கல்தூமா.

என் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியார்.
அவர்கள் ஊரில் வேறு பாடம்.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் இந்தப் பெயர்
உதடு மூடி முடிகிறது.
இந்தப் பக்கம் வாய் திறந்தே நிற்கிறது.
அவ்வளவுதான் வித்தியாசம்,
கடைசியில் ஒரு கால்.

பையன் ஒருவன், என்றாள். ஒன்பது வயது. பகீத்.
பக்கத்து வீட்டுக் கழுதை வண்டியில்
மூன்று நாள் முன்னால் ஏற்றி அனுப்பினேன்.

தேடு என்பதை அழுத்தினேன்.
வட்டம் சுற்றியது, சுற்றியது.
கல்தூமாவுக்குப் பிள்ளைகள் இல்லை
என்று வந்தது.
உண்மைதான்.
எனக்கு இல்லை.

பதினொரு நாள் அவள் வந்தாள்.
வரிசையில் நிற்காமல், ஓரமாக,
கெண்டியை மடியில் வைத்துக்கொண்டு.
பதினொரு நாளும் நான் தேடினேன்,
அதே எழுத்துகளில், கவனமாக,
ஒன்றுகூடத் தவறாமல்.

பன்னிரண்டாம் நாள் என்னைத்
தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மாற்றினார்கள்.
மஞ்சள் கேன்கள், வசவுகள்,
குழாய்க்கடியில் முகத்தை நீட்டும் ஆட்டுக்குட்டி.
அந்தக் கோடியிலிருந்து ஹிஸ்ஸீன் கத்தினான்:
கல்தூம்! குழாயை மூடு!
அவசரத்தில் அவனும் பெயரைப் பாதியில் விழுங்குவான்.

ஒரு பையன் கேனைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.
பெண்களின் முழங்கைகளுக்குக் கீழே குனிந்து,
சேற்றில் வழுக்கி, எழுந்து,
என் முன்னால் வந்து நின்றான்.
முகத்தைப் பார்த்தான்.
பிறகு சட்டையைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லாமல் திரும்பி
கேன் உருண்ட இடத்துக்கு நடந்தான்.

எத்தனையோ பேர் என்னை ஏமாற்றத்தோடு பார்த்திருக்கிறார்கள்.
மாவு தீர்ந்த நாளில், பாய் தீர்ந்த நாளில்.
அது மேல்சட்டையைப் பார்ப்பது.
இது என்னை.

உன் பெயர் என்ன என்று
நான் கேட்கவேண்டியிருக்கவில்லை.
ஆனாலும் கேட்டேன்.

மேற்பார்வையாளர் என்னைத் திட்டவில்லை.
தேநீரை உறிஞ்சியபடி
ஒரே ஒரு பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்தினார்.
கால் போயிற்று.
திரையில் இரண்டு படங்கள்
பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன.

அவள் அழுவாள் என்று நினைத்தேன்.
பையனின் இரண்டு காதுகளையும் பிடித்து
இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.
செருப்பு எங்கே, என்றாள்.
அவன் ஏதோ பொய் சொன்னான்.
அவள் கெண்டிக்குள்ளிருந்து காலுறையை எடுத்தாள்.
ஒற்றைக் காலுறை, சிறியது,
சேற்றுக் காலில் பாதிதான் ஏறியது.

நான் மன்னிப்புக் கேட்டேன்.
எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.
புரியவைக்க எனக்கும் தைரியம் போதவில்லை.
அல்லா உனக்குப் பிள்ளைகளைத் தரட்டும்
என்றாள், என் பெயரைச் சொல்லி,
அவள் ஊர் வழக்கத்தில்.

மறுநாள் மீண்டும் மேசை. மீண்டும் காற்று.
அடுத்த பெண் உட்கார்ந்தாள். ஹவ்வா.
உங்கள் பெயரை எப்படி எழுதுவீர்கள், என்றேன்.
வரிசை முனகியது.
அவள் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள்.
நான் எழுதினதும் இல்லை,
யாரும் எழுதி நான் பார்த்ததும் இல்லை.
நீ எழுது,
எழுதிவிட்டு இந்தப் பக்கம் திருப்பு,
பார்க்கலாம்.